மூச்சைப் பிடித்துக் கொடுத்த அளவு

டெய்லர் டேப்பைக் கையில் எடுத்தால் போதும், என் வயிறு தானாக உள்ளே போய்விடும். யாரும் சொல்லிக்கொடுத்த வித்தை இல்லை. டேப் இடுப்பைச் சுற்றி வந்து, அவர் எண்ணைப் பார்த்து, நோட்டில் எழுதி, பென்சிலைக் காதில் செருகும்வரை மூச்சு வெளியே வராது. பிறகு வரும். தைத்து வந்த துணியைப் போட்டுப் பார்க்கிற நாளில் இன்னும் தாராளமாக வரும். சாதாரணச் சுடிதாருக்கு இதனால் பெரிய சேதமில்லை. அதைக் கொஞ்சம் தொளதொளவென்றுதான் தைக்கிறார்கள். ஓரிரு அங்குலப் பொய்யை அது தாங்கும். நாற்பதைத் தாண்டிய வயதில் பரதநாட்டியம் கற்றுக்கொள்ளக் கிளம்பி, உடம்பை ஒட்டித் தைக்கிற உடைகளின் பக்கம் போன பிறகுதான் அந்தப் பொய்க்கு வட்டி கட்ட ஆரம்பித்தேன்.

சேர்ந்தது பெரியவர்களுக்கான சனிக்கிழமை வகுப்பில். சின்ன வயதில் பாட்டா, டான்ஸா என்று வீட்டில் பேச்சு வந்தபோது, டான்ஸ் டிரஸ்ஸுக்கு ஆகும் செலவைக் கணக்குப் போட்டுப் பாட்டு என்று முடிவானது. பாட்டும் வரவில்லை என்பது வேறு கதை. எங்கள் டீச்சருக்கு என்னைவிடப் பதினைந்து வயதாவது குறைவு. நான் அவரை டீச்சர் என்பேன். அவர் என்னை அக்கா என்பார். திட்டும்போதும் அக்காதான்.

முதலில் என்னைக் காட்டிக்கொடுத்தது பிராக்டிஸ் புடவை. கெட்டிப் பருத்தி, சாதாரணப் புடவையைவிட அகலம் குறைவு. உள்ளே பைஜாமா போட்டு, மேலே முழங்காலுக்குச் சற்றுக் கீழே நிற்கிற மாதிரி கட்டி, முந்தானையைக் குறுக்கே கொண்டுவந்து இடுப்பில் இறுக்கிச் செருகவேண்டும். டீச்சர் ‘இறுக்கி’ என்றது இடுப்பை மட்டும். நான் இடுப்பிலிருந்து முழங்கால்வரை இறுக்கிக்கொண்டேன். கண்ணாடியில் பார்த்தால் ஒல்லியாகத்தான் இருந்தேன். அந்தத் திருப்தியோடு போய் வரிசையில் நின்றேன். தட்டுக்கழி விழ ஆரம்பித்தது.

“அக்கா, அரைமண்டி உட்காருங்க.”

“உட்கார்ந்துதான் இருக்கேன், டீச்சர்.”

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். எங்கள் வகுப்புப் பல் டாக்டராகத்தான் இருக்கவேண்டும். அவருக்குத்தான் சிரிப்பை அடக்கத் தெரியாது.

அரைமண்டி பார்க்கச் சுலபம். குதிகால்கள் சேர்ந்திருக்க, முழங்கால்கள் இரண்டும் பக்கவாட்டில் விரிந்து மடங்க, முதுகு வளையாமல் அப்படியே கீழே இறங்கவேண்டும். இந்த இறக்கத்தில் உடம்பு துணியைப் பல பக்கமும் இழுக்கிறது. பின்பக்கம் இடுப்புக்குக் கீழே நீளம் கூடுதலாக வேண்டியிருக்கிறது, தொடையின் சுற்றளவு கூடுகிறது, முன்பக்கம் இரண்டு முழங்காலுக்கும் நடுவே பெரிதாக ஓர் இடைவெளி திறக்கிறது. நிற்கும்போது கச்சிதமாக இருக்கிற துணிக்கு உட்கார்ந்தால் எதற்கும் இடமில்லை. ஆட்டத்துக்காகத் தைக்கிறவர்கள் உலகமெங்கும் மல்லுக்கட்டுவது இந்த ஒரு சங்கடத்தோடுதான். இதற்கு இரண்டு வழி கண்டிருக்கிறார்கள். ஒன்று, துணியிலேயே இழுவை இருக்கவேண்டும், அது லைக்ரா. இன்னொன்று, இழுவையே இல்லாத துணியை வெட்டுகிற விதத்திலும் தைக்கிற விதத்திலும் உடம்போடு அசைய வைக்கவேண்டும். அது நம்மூர்ப் பட்டு. இரண்டிடமும் நான் தோற்றிருக்கிறேன்.

லைக்ரா பக்கம் முதலில் ஒதுங்கியதற்குச் சோம்பல்தான் காரணம். புடவை கட்ட நேரமில்லாத நாட்களில் லெக்கிங்ஸும் நீளக் குர்தாவும் போதும் என்று டீச்சர் விட்டுக்கொடுத்திருந்தார். திருப்பூர் புண்ணியத்தில் லெக்கிங்ஸ் பிளாட்பாரக் கடையிலும் கிடைக்கிறது. 95 சதவீதம் பருத்தி, 5 சதவீதம் லைக்ரா என்று லேபிளில் இருக்கும். உடம்பில் படுவது அந்த 95. வேலை செய்வது இந்த 5. அமெரிக்காவில் டூபாண்ட் நிறுவனத்தின் வேதியியலாளர் ஜோசப் ஷிவர்ஸ் 1958இல் இந்த இழையைக் கண்டுபிடித்தபோது அவர் மனதில் நடனம் கிடனம் எதுவும் இல்லை. வயிற்றையும் இடுப்பையும் அமுக்கப் பெண்கள் உள்ளே போட்டுக்கொண்டிருந்த கச்சைகளில் ரப்பருக்குப் பதிலாக ஏதாவது வேண்டும் என்றுதான் தேடினார்கள். கிடைத்தது, தன் நீளத்தைப் போல ஐந்து மடங்குக்கு மேல் இழுத்தாலும் விட்டவுடன் பழைய நீளத்துக்குத் திரும்பிவிடுகிற இழை. ஆக, டெய்லர் முன்னால் நான் மூச்சைப் பிடித்துச் செய்கிற வேலையைச் செய்வதற்காகவே பிறந்த இழை அது. எனக்கு அதன்மேல் சொந்தம் பாராட்ட உரிமை இருக்கிறது.

சொந்தத்தைக் கொன்றவளும் நானே. கொதிக்கிற தண்ணீர், பிளீச், சூடான இஸ்திரிப்பெட்டி மூன்றும் லைக்ராவுக்கு ஆகாது. மூன்றையும் விடாமல் செய்தேன். வெள்ளை லெக்கிங்ஸை வாளியில் வெந்நீர் ஊற்றி ஊறவைத்து, கறைக்கு பிளீச் விட்டு, மொட்டைமாடி வெயிலில் மொறுமொறுவென்று காயவைத்து, அதோடும் விடாமல் இஸ்திரி போட்டேன். தெருவிலேயே லெக்கிங்ஸுக்கு இஸ்திரி போடுகிற ஒரே ஆள் என்று என் மகள் இன்றும் வீட்டுக்கு வருகிறவர்களிடம் சொல்வாள். பருத்தி பிழைத்தது, 5 சதவீதம் செத்துப்போனது. முழங்காலில் பை விழுந்துவிட்டது. அரைமண்டியிலிருந்து நான் எழுந்த பிறகும் லெக்கிங்ஸ் மட்டும் எழாமல் உட்கார்ந்தே இருக்கும். டீச்சர் ஒருநாள் அதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சொன்னார்: “உங்களைவிட அது நல்லா உட்காருதுக்கா.”

அடுத்தது ‘ஸ்கின் கலர்’. எந்த டாப்ஸுக்கும் மேட்ச் ஆகும் என்று கடைப்பெண் எடுத்துக் கொடுத்தாள். அவள் தோலும் அந்த நிறமில்லை, என் தோலும் இல்லை, அந்தக் கடைக்குள் இருந்த யாருடையதும் இல்லை. அப்போது எனக்கு அது உறைக்கவில்லை. பக்கவாட்டில் நீளமாகத் திறந்த குர்தாவுக்கு அதைப் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன். பின் சீட்டுப் பாட்டி என் தோளைத் தட்டி, குரலைத் தணித்து, “ஏம்மா, அவசரத்துல உள்பாவாடை கட்ட மறந்துட்டியா?” என்று கேட்டார். தூரத்தில் பார்த்தால் கால் வெறுமையாக இருந்தது. கிட்டத்தில் பார்த்தால் அது என் காலே இல்லை.

யாருடைய தோல் அந்த ‘ஸ்கின்’ என்று பாலே உலகத்தில் வெகுநாட்களாகக் கேட்டுவருகிறார்கள். வெளிறிய இளஞ்சிவப்புதான் அங்கே காலுறைக்கும் பாயின்ட் ஷூவுக்கும் நிறம். இடுப்பிலிருந்து கால்விரல் நுனிவரை கோடு ஓரிடத்திலும் அறுபடக்கூடாது என்பதற்காக வந்த வழக்கம். வெள்ளைத் தோலுக்குச் சரி. கறுப்பினக் கலைஞர்கள் என்ன செய்வார்கள்? முகத்துக்குப் போடுகிற மேக்கப்பை எடுத்து ஒவ்வொரு ஜோடி ஷூவிலும் தடவித் தங்கள் நிறத்துக்குக் கொண்டுவந்தார்கள். நியூயார்க்கின் டான்ஸ் தியேட்டர் ஆஃப் ஹார்லம் குழு 1970களிலேயே அவரவர் தோல் நிறத்தில் காலுறை போட ஆரம்பித்துவிட்டது. ஆனால் லண்டனின் ஃப்ரீட் நிறுவனம் பாலே பிளாக் குழுவோடு சேர்ந்து பழுப்பு நிறங்களில் பாயின்ட் ஷூ தயாரித்து விற்பனைக்குக் கொண்டுவந்தது 2018இல். பஸ் பாட்டிக்கு இந்தச் சரித்திரத்தைச் சொல்லியிருக்கலாம். நான் அடுத்த ஸ்டாப்பில் இறங்கிவிட்டேன்.

ஒட்டுடையால் வம்பில் மாட்டியவர்களில் பெரிய மனிதர்களும் உண்டு என்பதில் எனக்கொரு ஆறுதல். 1911இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் ‘ஜிசெல்’ பாலே ஆடிய ரஷ்யக் கலைஞர் நிஜின்ஸ்கி, காலுறைக்கு மேல் ஆண்கள் வழக்கமாகப் போட்டுக்கொள்கிற குட்டை டிரவுசரைப் போடாமல் மேடையேறிவிட்டார். ராஜமாதா சபையில் இருந்தார். ஏகாதிபத்திய அரங்கிலிருந்து அவரை வேலையை விட்டே நீக்கினார்கள். அவருக்கென்ன, தியாகிலெவ் குழுவோடு ஐரோப்பா முழுக்கக் கொடிகட்டிப் பறந்தார். நம்மூரில் 2015இல் ஒரு பத்திரிகை, லெக்கிங்ஸ் போட்டுப் போகிற பெண்களின் படங்களைப் போட்டு இது ஆபாசமில்லையா என்று அட்டையில் கேட்டது. பெண்கள் கொதித்துப்போனார்கள். நான் அப்போது டான்ஸ் பக்கமே வராதவள். ஆனாலும் கொள்கை என்று ஒன்று இருக்கிறதே. தோழிகள் குழுவில் ஆதரவாக ஒரு படம் போடலாம் என்று லெக்கிங்ஸில் நின்று படமெடுத்தேன். தொடை பெரிதாகத் தெரிந்தது. இடுப்புக்குக் கீழே வெட்டிவிட்டு அனுப்பினேன். லெக்கிங்ஸ் போராட்டத்துக்கு லெக்கிங்ஸ் இல்லாத படம் அனுப்பிய பெருமை என்னுடையது.

இவ்வளவுக்கும் பிறகு லியோடார்ட் வாங்கியிருக்கவேண்டாம். பெரியவர்களுக்கு பாலே அடிப்படை என்று ஒரு பயிற்சி முகாம். முழங்கால் விரலுக்கு நேராகப் போகிறதா, இடுப்பு சாய்கிறதா என்று சொல்லித்தருகிறவருக்குத் தெரிந்தால்தான் திருத்தமுடியும். அதனால் தொளதொள உடை வேண்டாம் என்று எழுதியிருந்தார்கள். நியாயம்தான். ஆன்லைனில் வரவழைத்தேன். அளவு கேட்ட இடத்தில் ‘எம்’ என்று குறித்தேன். டேப் பிடிக்க ஆளே இல்லாத இடத்திலும் நான் உண்மை சொல்வதில்லை என்பது அன்றைக்குத்தான் எனக்கே தெரியவந்தது.

இந்த உடுப்புக்குப் பெயர் கொடுத்தவர் ஜூல் லெயோதார் என்கிற பிரெஞ்சு சர்க்கஸ் கலைஞர். 1859இல் பாரிஸில் ஓர் ஊஞ்சலை விட்டு இன்னொன்றுக்கு அந்தரத்தில் தாவிக் காட்டியவர். பறக்கும்போது துணி எதிலும் மாட்டக்கூடாது, புஜமும் தொடையும் பார்க்கிறவர்களுக்குத் தெரியவும் வேண்டும் என்று, பின்னல் துணியில் உடம்போடு ஒட்டிய ஒற்றை உடையை மாட்டிக்கொண்டார். அவர் இறந்து பல வருடம் கழித்து உடைக்கே அவர் பெயர் நிலைத்துவிட்டது. சின்ன ஆயுசு; தொப்பை விழுகிற வயதை அவர் பார்க்கவே இல்லை.

லியோடார்டில் ஒரு பக்கம் கழுத்து ஆழமாக இறங்கியிருக்கும். அதுதான் முதுகு. ஆழமான கழுத்து முன்னால்தான் வரும் என்பது ஆயுள் முழுக்க ஜாக்கெட் போட்ட என் அறிவு. போட்டுக்கொண்டு பார்த்தேன், மானம் போனது. வேறு வழியில்லாமல் மேலே துப்பட்டா போட்டு இரண்டு பக்கமும் ஊக்குக் குத்திக்கொண்டு போனேன்.

“மேடம், துப்பட்டாவை அங்க வெச்சிட்டு வாங்க” என்றான் சொல்லித்தருகிற பையன்.

“வைக்க முடியாதுப்பா.”

அவன் கொஞ்சம் யோசித்தான். என் தொண்டைக்குழிக்குப் பக்கத்தில் கண்ணை ஓட்டினான். “லேபிள் முன்னாடி தெரியுது மேடம்” என்றான் மெதுவாக. அதைத் திருப்பிப் போட உச்சி முதல் பாதம்வரை கழற்றவேண்டும். வேர்வையில் ஒட்டிப்போன லியோடார்ட் குளியலறைக்குள் படுத்திய பாட்டை எழுதினால் பத்திரிகை தாங்காது. நான் திரும்பி வந்தபோது முகாமில் தண்ணீர் இடைவேளை.

லைக்ராவிடம் ஒரு பெருந்தன்மை உண்டு. பிதுங்கும், பை விழும், பாட்டி கேள்வி கேட்பார். ஆனால் நம்மைத் தூக்கிக்கொண்டு எப்படியோ அசைந்துவிடும். பட்டுக்கு அந்தத் தாட்சண்யம் கிடையாது. சலங்கை பூஜை என்று டீச்சர் தேதி குறித்ததும் விவகாரம் பட்டுக்குப் போய்விட்டது.

பரதநாட்டிய உடை என்று இன்று நாம் பார்க்கிற தைத்த உடுப்பு, ஆட்டத்தைப் போல அப்படியொன்றும் பழசில்லை. 19ஆம் நூற்றாண்டுப் படங்களில் ஆட்டக்காரப் பெண்கள் பைஜாமாவுக்கு மேல் கனமான புடவையைச் சுற்றிக் கொசுவத்தை முன்னால் தொங்கவிட்டிருப்பார்கள். பாலசரஸ்வதி புடவைக் கட்டை விடவில்லை. 1935இல் அடையாறு பிரம்மஞான சபை வளாகத்தில் மேடையேறிய ருக்மிணி தேவி உடையையும் புதிதாக யோசித்தார். கோயில் சிற்பங்களைப் பார்த்து அவர் மனதில் வைத்திருந்ததைத் தைத்துக் கொண்டுவர உதவியவர் மதாம் கசான் என்ற இத்தாலியப் பெண்மணி. அதற்கு முன்பே ரஷ்ய பாலே கலைஞர் அன்னா பாவ்லோவாவின் நட்பு கிடைத்து, அவர் குழுவைச் சேர்ந்த கிளியோ நோர்தியிடம் பாலே கற்றவர் ருக்மிணி தேவி. உடம்பின் கோடு மேடையில் தெரியவேண்டும் என்கிற கண் அவருக்கு இரண்டு பக்கத்திலிருந்தும் வந்திருக்கவேண்டும் என்பது என் ஊகம். எப்படியோ, அந்தக் கண் வழிவழியாக வந்து என் இடுப்பில் விழுந்தது.

மயிலாப்பூர்ச் சந்து ஒன்றில், நாட்டிய உடை தைக்கிற டெய்லர் மாஸ்டரின் கடை. மாம்பழ மஞ்சளில் அரக்கு பார்டர் போட்ட காஞ்சிபுரத்தை அவர் முன்னால் விரித்தேன். புடவையை உடுப்பாக்குவது என்றால் முதலில் அதைக் கத்தரிக்கவேண்டும் என்பது எனக்குத் தெரியும். கண்ணால் பார்க்கத்தான் தெம்பில்லை. முந்தியிலிருந்து விசிறி, மீதியில் பைஜாமா, பின்பக்கத் துணி, மேலாக்கு, ஜாக்கெட் என்று அவர் விரலாலேயே கோடு போட்டுக் காட்டினார். விசிறிதான் சூட்சுமம். இரண்டு காலுக்கும் நடுவே மடிப்பு மடிப்பாகத் தைத்திருக்கும். நிற்கும்போது மூடிக்கிடந்து, அரைமண்டியில் முழங்கால் விரிந்ததும் பார்டர் பார்டராகத் திறந்துகொள்ளும். இழுபடாத பட்டு, உடம்பு கேட்கிற அந்த இடத்தை மடிப்புக்குள் ஒளித்துவைத்திருக்கிறது. ஜாக்கெட்டுக்குத் துணியைக் கிராஸாக வெட்டுவார். குறுக்குவாட்டில் போனால் பட்டிலும் கொஞ்சம் இழுவை கிடைக்கும்.

“உட்காருங்கம்மா” என்றார்.

நாற்காலியைத் தேடினேன்.

“அது இல்லம்மா. அரைமண்டி.”

அந்தச் சின்னக் கடையில், தையல் மெஷின்களுக்கு நடுவே, வாசலில் காய்கறிக்காரர் பார்க்க, அரைமண்டியில் நின்றேன். இடுப்பிலிருந்து கணுக்கால், முழங்காலுக்கு முழங்கால், தொடை, கெண்டைக்கால் என்று டேப் ஓடியது. இடுப்பு வந்தது. “மூச்சு விடுங்கம்மா.” “விட்டுட்டேன் மாஸ்டர்.” கண்ணாடிக்கு மேலாக என்னை ஒருமுறை பார்த்துவிட்டு எழுதிக்கொண்டார். பிறகு அளவு ஜாக்கெட் கேட்டார். மகள் பள்ளிக்கூடம் போகிற காலத்தில் எனக்குப் பொருந்திய ஒன்றைப் பையிலிருந்து எடுத்தேன். “இது இப்போ போடறதா?” “ஆமாம்.” அவர் ஜாக்கெட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை.

சலங்கை பூஜை அன்று ஜாக்கெட்டின் கொக்கிகளை மாட்ட இரண்டு குழந்தைகளின் அம்மாக்கள் வந்தார்கள். “ஆன்ட்டி, மூச்சை உள்ள இழுத்துக்கோங்க” என்றார்கள். ஆயுள்காலப் பயிற்சி, இழுத்தேன். மாட்டிவிட்டார்கள். ஒட்டியாணமும் ஏறியது. அதன்பிறகு மூச்சை எங்கே விடுவது என்று தெரியாமலே மேடைக்குப் போய்விட்டேன். அலாரிப்பில் கண்ணும் கழுத்தும் சரியாகத்தான் போயின; அதற்கு மூச்சு வேண்டியதில்லை. முழுமண்டிக்கு இறங்கியபோது இடுப்பருகே ‘டிக்’ என்று ஒரு சத்தம். கொக்கி ஒன்று பறந்துபோய் மிருதங்கக்காரருக்கு முன்னால் விழுந்தது. அவர் வாசிப்பை நிறுத்தாமல் ஓரக்கண்ணால் அதைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். மேலாக்கு மானத்தைக் காத்தது. அன்றைய தினத்தின் முதல் முழு மூச்சை அப்போதுதான் விட்டேன். அதற்கப்புறம் ஆடியது நன்றாக இருந்தது என்று டீச்சரே சொன்னார். அதற்கு முன்னால் ஆடியதைப் பற்றி அவர் பேசவில்லை.

ஜாக்கெட்டைத் தூக்கிக்கொண்டு மாஸ்டரிடம் போனேன். குறை சொல்லத்தான் போனேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்: கொக்கி சரியில்லை, நூல் சரியில்லை என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்திருந்தேன். அவர் பதிலே பேசாமல் பக்கத் தையலைப் பிளேடால் பிரித்து, உள்பக்கம் திருப்பிக் காட்டினார். மடிப்புக்குள்ளே துணி தாராளமாக விட்டிருந்தது. அதில் நீலப் பென்சிலில் இன்னொரு கோடு.

“எல்லாரும் ஒண்ணரை இஞ்ச் குறைச்சுத்தான் சொல்வாங்கம்மா. எனக்குத் தெரியும். ஒண்ணரை இஞ்ச் கூட்டித்தான் தைப்பேன். நீங்க மூணு இஞ்ச் சொல்லிட்டீங்க.”

அந்த நீலக் கோட்டில் மறுபடி தைத்துக் கொடுத்தார். தையல் கூலி வாங்கவில்லை. கொக்கிக்கு மட்டும் வாங்கிக்கொண்டார். இப்போது அந்த உடுப்பில் உட்காரவும் முடிகிறது, எழவும் முடிகிறது. விசிறி சரியாகத் திறக்கிறது.

மாஸ்டர் கடைக்கு வழி கேட்டு வகுப்பில் பலர் வருகிறார்கள். உங்களுக்கும் சொல்லிவைக்கிறேன்: மார்கழி சீசனுக்கு வேண்டுமானால் ஆடி மாதமே துணியைக் கொடுத்துவிடுங்கள், ஐப்பசிக்கு மேல் அவர் புது ஆர்டர் தொடமாட்டார். அளவு ஜாக்கெட்டாக, போன வாரம் போட்டதையே கொண்டுபோங்கள்.